பழைய மோட்டார் சைக்கிளை மின்சாரத்துக்கு மாற்றுதல்: மாணவர் குழுவுக்கு ஏற்ற வழி எது?

பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி ஓட்டிக் காட்டும் திட்டத்தைப் பொறியியல் மாணவர்கள் பலர் இறுதியாண்டில் விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். அத்தகைய குழுக்கள் சிலவற்றுக்கு நான் வழிகாட்டியிருக்கிறேன். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: “எத்தனை கிலோவாட் மோட்டார் வாங்கலாம், சார்?” அது கடினமான கேள்வி இல்லை; அரை மணி நேரக் கணக்கில் விடை கிடைத்துவிடும். அந்த மோட்டார் வண்டியில் எங்கே அமரப் போகிறது, பேட்டரி எந்த வகை, எத்தனை வோல்ட், எவற்றை வாங்குவது, எவற்றைத் தாமே செய்வது என்ற முடிவுகளில்தான் குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. பணம் கட்டிப் பொருள் வந்து சேர்ந்த பிறகு அந்த முடிவுகளை மாற்றிக்கொள்ளவும் முடிவதில்லை.

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பருவம் (செமஸ்டர்) கையில் இருக்கும் குழுவுக்கு, எஞ்சின் இருந்த இடத்தில் அமர்ந்து செயின் வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரும், 16 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களைத் தொடராக இணைத்த பேட்டரியும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஆயத்தமாக வாங்கிய கன்ட்ரோலரும்தான் என் பரிந்துரை. ஒரே பருவம்தான் என்றால் சக்கரத்துக்குள்ளேயே அமைந்த ஹப் மோட்டார். இதற்கு மாறாக முடிவெடுக்க நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே கீழே எடைபோட்டிருக்கிறேன்.

வண்டிக்கு எவ்வளவு வேண்டும்

ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள சாதாரண மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். உருளும் உராய்வுக் கெழு 0.015 என்றும், காற்றுத் தடைக்கான கெழுவையும் முன்பரப்பையும் பெருக்கி வரும் மதிப்பு 0.6 சதுர மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் செல்ல உராய்வுக்கு 29 நியூட்டனும் காற்றுக்கு 70 நியூட்டனுமாக ஏறத்தாழ 100 நியூட்டன் விசை போதும். திறனாகச் சொன்னால் சக்கரத்தில் 1.4 கிலோவாட். மோட்டார், கன்ட்ரோலர், செயின் ஆகியவற்றில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு எனக் கொண்டால் பேட்டரியிலிருந்து 1.7 கிலோவாட் எடுக்க வேண்டும். அதாவது கிலோமீட்டருக்கு 34 வாட்-மணி. இதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் கிலோமீட்டருக்கு 19 வாட்-மணிதான் செலவாகும். 70 கிலோமீட்டர் வேகத்தில் 57 வாட்-மணியைத் தாண்டிவிடும். இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி வைத்தாலே, “நூறு கிலோமீட்டர் வேகம் போக வேண்டும்” என்ற ஆசை பாதி அடங்கிவிடுகிறது.

ஏற்றத்துக்கான கணக்கு வேறு. பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டுமே 195 நியூட்டன் பின்னுக்கு இழுக்கிறது. உராய்வையும் சேர்த்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 70 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறும்போது திறன் 1.3 கிலோவாட்டைத் தாண்டாது என்றாலும், முறுக்குவிசையோ சமதளத்தில் தேவைப்படுவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மோட்டாரின் கம்பிச் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது முறுக்குவிசை. சூடு அந்த மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மோட்டார் எங்கே அமர வேண்டும் என்ற விவாதம் முழுவதும் இந்த 70 நியூட்டன் மீட்டரை யார் சுமப்பது என்பதைச் சுற்றித்தான் நடக்கிறது.

எந்த வண்டியை எடுப்பது

பெரும்பாலான குழுக்கள் இதை ஒரு முடிவாகவே கருதுவதில்லை. யாருடைய வீட்டிலாவது ஓடாமல் நிற்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வண்டியின் நிறமும் டேங்கின் அழகும் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. சேஸிஸின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். சில சேஸிஸ்களில் எஞ்சினுக்கு அடியில் குழாய் வளைந்து சென்று அதைத் தொட்டில்போல் தாங்கும். வேறு பலவற்றில், குறிப்பாகச் சிறிய பயண வண்டிகளில், முன்குழாய் பாதியிலேயே நின்றுவிடும்; எஞ்சினே போல்ட்டுகளால் கட்டப்பட்டு அந்த இடைவெளியை இணைக்கும் எலும்பாக இருக்கும். இந்த இரண்டாம் வகையில் எஞ்சினைக் கழற்றினால் சேஸிஸின் ஒரு கரத்தையே வெட்டி எடுத்தது போலாகும். அதற்குப் பதிலாக நீங்கள் வைக்கும் மோட்டார் தாங்கித் தகடு, எஞ்சின் கட்டப்பட்டிருந்த எல்லாத் துளைகளையும் இணைத்து, எஞ்சின் தாங்கிய விசையையும் தாங்க வேண்டும். மோட்டாரை மட்டும் தாங்கினால் போதும் என்று நினைத்து இரண்டு துளைகளில் கட்டிவிட்டுப் போவது ஆபத்து.

ஆகவே தொட்டில் அமைப்புள்ள வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் தாங்கித் தகட்டின் வடிவமைப்பையும் வலிமைக் கணக்கையும் திட்டத்தின் முக்கிய அத்தியாயமாக ஆக்கிக்கொள்ளுங்கள். இயந்திரவியல் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. இரண்டிலும், எஞ்சினைத் தூக்குவதற்கு முன் துளைகளுக்கு இடையிலான தூரங்களையும் செயின் ஓடும் கோட்டையும் அளந்து வரைந்துவிட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் தராசில் வைத்து எடை குறித்துக்கொள்வதும் நல்லது. எஞ்சின், சைலன்சர், கார்புரேட்டர், நிறைந்த டேங்க் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 40 கிலோ வெளியே போகும். உள்ளே வருவதையும் அதற்குள் அடக்கிவிட்டால் பிரேக், சஸ்பென்ஷன் இரண்டையும் தொட வேண்டியதில்லை.

மோட்டார் அமரும் இடம்

மூன்று வழிகள் இருக்கின்றன: சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் அமைந்த ஹப் மோட்டார், எஞ்சின் இடத்தில் மோட்டாரை வைத்து ஒரே செயினால் சக்கரத்தை ஓட்டுவது, பழைய கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு மோட்டாரை இணைப்பது.

ஹப் மோட்டாரின் பெரிய பலம் எளிமை. பின்சக்கரத்தைக் கழற்றி மோட்டார் உள்ள சக்கரத்தைப் பூட்டினால் இயந்திர வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், இரண்டின் நேர்க்கோடு என்ற தலைவலிகள் இல்லை. எஞ்சின் இருந்த இடம் முழுவதும் பேட்டரிக்குக் கிடைக்கிறது. இது புதிய யோசனையும் இல்லை. பின்சக்கரத்தின் மையத்தில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895 டிசம்பர் 31 அன்றே ஆக்டன் போல்டன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார்.

அதன் பலவீனம் நாம் மேலே பார்த்த ஏற்றத்தில் தெரியும். இடையில் பல்சக்கரக் குறைப்பு எதுவும் இல்லாததால் 70 நியூட்டன் மீட்டரையும் மோட்டாரே நேரடியாகக் கொடுக்க வேண்டும். 3 கிலோவாட் ஹப் மோட்டாரால் அதைக் கொடுக்க முடியும். ஆனால் மெதுவாக, நீண்ட நேரம் ஏறும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் கணிசமான பகுதி சூடாகவே மாறுகிறது. மூடிய கூட்டுக்குள் இருக்கும் சுற்றிலிருந்து அந்தச் சூடு வெளியேறவும் வழி குறைவு. இன்னொன்று எடை. 12 முதல் 15 கிலோ மோட்டார் சக்கரத்திலேயே இருப்பதால், குழியில் இறங்கி ஏறும்போது ஷாக் அப்சார்பரால் அதைத் தாங்கிக்கொள்ள இயலாது. பின்பக்கம் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் அடிக்கும். பழைய டிரம் பிரேக் சக்கரத்தோடு போய்விடும் என்பதையும் பலர் பொருள் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். டிரம்முடனோ டிஸ்க் பொருத்தும் வசதியுடனோ கூடிய ஹப் மோட்டாரை ஆர்டர் செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

ஹப் மோட்டாரில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதை ஒரு குழு எனக்குக் கற்றுக்கொடுத்தது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அதே அளவு முறுக்குவிசை அச்சின்மீது பின்னோக்கி விழுகிறது. அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டிருப்பது, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கரமான ஸ்விங் ஆர்மின் பள்ளத்தில் அது திரும்பாமல் நிற்பதற்காகத்தான். அந்தக் குழுவின் வண்டியில் பள்ளம் அச்சைவிடச் சற்றே அகலமாக இருந்தது. நட்டை இறுக்கிவிட்டால் போதும் என்று எல்லோரும் நினைத்தோம், நான் உட்பட. மைதானத்தில் மூன்றாவது முறை ஆக்சிலேட்டரை வேகமாகத் திருகியபோது ‘டக்’ என்றொரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் அச்சு அரைச் சுற்றுத் திரும்பியிருந்தது. அதன் நடுத்துளை வழியாக வெளியே வரும் மூன்று தடித்த கம்பிகளும், மோட்டார் சுழலும் நிலையை உணரும் ஹால் சென்சாரின் ஐந்து மெல்லிய கம்பிகளும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு, விளிம்பில் தோலுரிந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் அச்சின் வடிவத்துக்குச் சரியாக அறுத்த துளையோடு ஒரு முறுக்குத் தாங்கி செய்து ஸ்விங் ஆர்மோடு போல்ட் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. அரை நாள் வேலையைத் தவிர்க்கப் போய் ஒரு மாதத்தை இழந்தோம்.

எஞ்சின் இடத்தில் மோட்டாரை வைக்கும் இரண்டாம் வழியில் இந்தச் சுமையைப் பல்சக்கரம் பகிர்ந்துகொள்கிறது. 18 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்து சுமார் 1.9 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 525 சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும் மோட்டாரை அதோடு இணைக்க 5.7 மடங்கு குறைப்பு வேண்டும். பழைய வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று மூன்று மடங்குதான் இருக்கும். முன்னால் 12 பல்லும் பின்னால் 66 பல்லும் வைத்தால் 5.5 மடங்கு வந்துவிடும். 12.7 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள செயினுக்கு 66 பல் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் 27 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால் அது சக்கரத்துக்குள் தாராளமாக அடங்கும். இந்தக் குறைப்போடு, ஏற்றத்துக்கு வேண்டிய 70 நியூட்டன் மீட்டர் மோட்டாரின் அச்சில் 13 அல்லது 14 ஆகக் குறைகிறது. 3 கிலோவாட் மோட்டார் அந்த வேகத்தில் இடைவிடாமல் தரக்கூடியது 9.5; சில நிமிட ஏற்றத்துக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு கொடுப்பது அதற்குப் பெரிய சிரமமில்லை.

முன் ஸ்ப்ராக்கெட்டின் பல்லை 12க்குக் கீழே குறைத்து இன்னும் அதிகக் குறைப்பைப் பெறலாமே என்று குழுவில் ஒருவராவது கேட்பார். பல் குறையக் குறைய செயின் வட்டமாக ஓடாமல் பலகோணமாக உதறி ஓடும். சத்தமும் தேய்மானமும் ஏறும். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் அந்தக் கரகரப்பு மிக நன்றாகவே கேட்கும். அதைவிட முக்கியமானது நேர்க்கோடு. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மோட்டாரின் அச்சு ஸ்விங் ஆர்மின் கீலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு, சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆடும்போது செயின் இறுகித் தளர்வது குறையும். எனவே தகட்டை அறுப்பதற்கு முன் தடித்த அட்டையில் அதே அளவில் ஒன்று வெட்டி, மோட்டாருக்குப் பதிலாக அதே விட்டமுள்ள ஒரு டப்பாவை வைத்துக் கட்டிப் பாருங்கள். நான் பார்த்த நல்ல குழு ஒன்று இப்படி நான்கு அட்டைகளை வெட்டி எறிந்த பிறகுதான் ஐந்தாவதை லேசர் வெட்டுக்கு அனுப்பியது. அந்தத் தகடு முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. ஹப் மோட்டாரில் கிடைக்காத இந்த வேலைதான் இரண்டாம் வழியை நான் விரும்புவதற்கான உண்மையான காரணம். வரைவது, அறுப்பது, பொருத்துவது, தவறு கண்டு திருத்துவது என்று மாணவர் கைபடும் இடம் இதில்தான் அதிகம்.

கியர்பெட்டியை வைத்துக்கொள்ளும் மூன்றாம் வழி கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கும். முதல் கியரில் ஏற்றம் ஏறலாம், மேல் கியரில் வேகமாகப் போகலாம், வண்டியின் தோற்றமும் மாறாது. ஆனால் கணக்கு இங்கே காலை வாருகிறது. சிறிய வண்டிகளில் கிராங்க் அச்சிலிருந்து சக்கரம் வரை மேல் கியரில் மொத்தக் குறைப்பு ஏறத்தாழ பத்து மடங்கு. பெட்ரோல் எஞ்சின் 6000 சுற்றுக்கு மேல் சுழல்வதால் அது பொருந்துகிறது. 3000 சுற்று மோட்டாரைக் கிராங்கின் இடத்தில் இணைத்தால் மேல் கியரிலேயே மணிக்கு 34 கிலோமீட்டரோடு வண்டி நின்றுவிடும். கிளட்சுக்குப் பிறகு உள்ள கியர்பெட்டியின் உள்ளீட்டு அச்சில் நேரடியாக இணைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அந்த அச்சின் பற்களுக்குப் பொருந்தும் இணைப்பான் ஒன்றை லேத்தில் கடைந்து, மயிரிழை விலகாமல் மோட்டாரோடு நேராக்க வேண்டும். பழைய எஞ்சின் கூட்டின் எடையும் எண்ணெயும் கியர்களின் இழப்பும் கூடவே வரும். முழுமையான பட்டறையும் அனுபவமுள்ள லேத் கைவினைஞரும் இல்லாத குழு இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீண்ட, செங்குத்தான ஏற்றங்களில் ஓடுவதற்காகவே செய்யப்படும் வண்டிக்கு மட்டும் இது உழைப்புக்குத் தகுந்த பலனைத் தரலாம்.

பேட்டரி வகை

40 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நின்று கிளம்புவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 35 வாட்-மணி என்றால் 1400 வாட்-மணி. பேட்டரியை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வடிப்பதில்லை என்ற ஒழுக்கத்தோடு 1750 வாட்-மணி கொள்ளளவு தேவை.

ஈய-அமில பேட்டரி மலிவு, எங்கும் கிடைக்கும், தவறாகக் கையாண்டாலும் பெரும்பாலும் மன்னித்துவிடும். ஆனால் கிலோவுக்கு 35 வாட்-மணி என்று எழுதியிருக்கும் அதன் கொள்ளளவு 20 மணி நேரத்தில் மெதுவாக வடிக்கும்போது கிடைப்பது. ஒரு மணி நேரத்தில் வடித்தால் பாதியளவே தேறும். இதன்படி 1400 வாட்-மணிக்கு 80 கிலோ ஈயத்தைச் சுமக்க வேண்டும்; இன்னொரு ஆளையும் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம் அது. கம்பி இணைப்புகளையும் கன்ட்ரோலரையும் சோதிக்க மட்டும் பழைய ஈய பேட்டரிகளைப் பட்டறைத் தரையில் வைத்துப் பயன்படுத்தலாம். ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

லித்தியம் செல்களில் நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை எடைக்கு ஏற்ற ஆற்றலில் முன்னிற்கிறது. பெட்டி, கம்பி எல்லாம் சேர்த்தே 11 கிலோவில் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அதே ஆற்றலுக்கு 17 கிலோ வரை ஆகும். ஆறு கிலோ வித்தியாசத்துக்காக முதல் வகையை எடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. 40 கிலோவை வெளியே எடுத்துவிட்ட வண்டியில் அந்த ஆறு கிலோ தெரியாது. ஆனால் செல் சூடேறிக் கட்டுப்பாடு இழக்கும் நிலையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும். பாஸ்பேட் அமைப்பில் ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரஸோடு வலுவாகப் பிணைந்திருப்பதால் வெப்பத்தில் எளிதில் விடுபடுவதில்லை. மற்ற வகையில் அந்த ஆக்சிஜன் வெளியேறித் தீயை வளர்க்கிறது. இந்தச் சேர்மத்தைப் பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்பதை 1997இல் ஏ.கே. பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குட்இனஃபுக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. மாணவர்கள் முதன்முதலாகக் கட்டும் பேட்டரி, இரவில் ஆளில்லாத ஆய்வகத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு வேறு தேர்வு தோன்றுவதில்லை.

வேதியியலை விட்டுவிட்டுக் கட்டும் முறையைப் பார்த்தாலும் இதே பக்கம்தான் தராசு சாய்கிறது. உருளைச் செல்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பற்றவைப்பு விட்டுப்போனாலும் மூடிய பிறகு கண்டுபிடிப்பது சிரமம். செவ்வகப் பாஸ்பேட் செல்களில் போல்ட் முனைகள் இருப்பதால் செல்களை இணைக்கும் செம்புப் பட்டையான பஸ்பாரை வைத்து இறுக்கினால் போதும். பழுதானால் கழற்றி மாற்றலாம். அதில் ஒரே அபாயம் ஸ்பேனர். இரண்டு முனைகளுக்கு இடையே விழுந்தால் அந்த நொடியே பளிச்சென்று வெடித்து, ஸ்பேனரின் விளிம்பு உருகிப் பஸ்பாரோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரி கட்டும் மேசைக்கு வரும் ஸ்பேனர்களின் பிடியிலிருந்து கழுத்து வரை இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்க வேண்டும், மோதிரமும் கைக்கடிகாரமும் மேசைக்கு வெளியே கழற்றி வைக்கப்பட வேண்டும் என்பவை எங்கள் ஆய்வகத்தில் விலக்கில்லாத விதிகள்.

பழைய மடிக்கணினி பேட்டரிகளை உடைத்துச் செல் எடுப்பது செலவைக் குறைக்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒவ்வொரு செல்லையும் ஏற்றி, வடித்து, கொள்ளளவும் உள்மின்தடையும் அளந்து தரம் பிரிப்பதற்கே ஒரு பருவம் போய்விடும். அதுவே தனித் திட்டமாக இருந்தால் சரி.

எத்தனை வோல்ட்

48 வோல்ட்டா, 72 வோல்ட்டா என்ற விவாதத்தில் 72க்கு உள்ள நியாயம் எளிது. 5 கிலோவாட் எடுக்கும்போது 50 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓட வேண்டும். 72 வோல்ட்டில் 70 ஆம்பியர் போதும். ஒரே தடிமனுள்ள கம்பியில் சூடாகும் இழப்பு பாதியாகிவிடும். வேகத்தையே குறியாகக் கொண்டால் 72 வோல்ட்தான் சரி.

ஆனால் மின்வாகனப் பாதுகாப்புக்கான ஐ.நா. விதிமுறைகள் நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டியவற்றை உயர் மின்னழுத்தமாகக் கருதுகின்றன. 16 பாஸ்பேட் செல்கள் முழுவதும் ஏறிய நிலையில் செல்லுக்கு 3.65 வோல்ட் வீதம் 58.4 வோல்ட், எல்லைக்கு உள்ளே. 72 வோல்ட் என்று பெயர் சொல்லி விற்கும் 20 நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் செல் பேட்டரியோ முழு ஏற்றத்தில் 84 வோல்ட். வியர்வைக் கையோடு மூடி திறந்த பேட்டரியில் வேலை செய்யும் மாணவருக்கு இந்த வேறுபாடு வெறும் விதிமுறைச் சொல் இல்லை. கம்பியில் இழப்பு கூடுதல் என்ற குறையை 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டு, மொத்த நீளத்தை ஒரு மீட்டருக்குள் அடக்கிச் சரிசெய்துவிடலாம். 40 ஆம்பியர்-மணிச் செல்கள் 16 சேர்ந்தால் 2048 வாட்-மணி. நம் தேவையான 1750க்கு மேலேயே இருக்கிறது. அந்தச் செல்கள் தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தரும் என்பதை அவற்றின் தரவுத்தாளில் பார்த்து, அதற்கேற்பக் கன்ட்ரோலரின் பேட்டரி மின்னோட்ட வரம்பை அமைப்பது மட்டும் மறக்கக் கூடாதது. வீட்டில் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கத் தயாரிக்கப்பட்ட செல்கள் பல, கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தருவதற்கு உரியவை அல்ல.

வாங்குவதும் செய்வதும்

கன்ட்ரோலரைத் தாமே வடிவமைப்போம் என்று மின்னணுவியல் மாணவர்கள் கிளம்புவார்கள். மின்னணு சுவிட்சுகளான மாஸ்ஃபெட்களின் ஆறு தொகுதிகளை நிமிடத்துக்குப் பல லட்சம் முறை திறந்து மூட வைத்து, 100 ஆம்பியரில் எரியாமல் காப்பது ஒரு பருவத்துக்குள் அடங்கும் வேலை இல்லை. வாங்குவதிலும் இரண்டு வகை உண்டு. ஆறு படியாக மின்னோட்டத்தை மாற்றும் எளிய வகை மலிவு. கிளம்பும்போது மோட்டார் உறுமும், மெல்லிய அதிர்வு கைக்குத் தெரியும். சைன் அலையில் இயக்கும் வகை அமைதி. குறைந்த வேகத்தில் இழுவை சீராக இருக்கும். கணினியோடு இணைத்து அளவீடுகளைப் பதிவு செய்ய வழியும் பெரும்பாலும் இருக்கும். அறிக்கை எழுத வேண்டிய மாணவர்களுக்கு அந்தப் பதிவு ஒன்றுக்காகவே இரண்டாவது வகையைச் சொல்வேன். வெஸ்க் என்ற திறந்த மூலக் கன்ட்ரோலரின் மென்பொருளைப் படித்துப் பார்ப்பதும், சொந்தமாக ஒன்று எரித்துக் கற்றுக்கொள்வதைவிட அதிகம் கற்றுத்தரும்.

பேட்டரியின் செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். பலகையும் வாங்க வேண்டியதே. ஃபியூஸ் பேட்டரியின் முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அது நேர்மின்னோட்டத்துக்கென்றே தரம் குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் வீட்டுச் சுவிட்சான எம்.சி.பி.யைப் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் ஆபத்தானது: மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அங்கே தீப்பொறி தானே அணைகிறது, நேர்மின்னோட்டத்தில் அது நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோலரின் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது பேட்டரியை நேரடியாக இணைத்தால், அதை இணைக்கும் பெரிய மின்காந்த சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் பொரிந்துபோகும். 100 ஓம் மின்தடை ஒன்றின் வழியாக மூன்று விநாடி நிரப்பிவிட்டுப் பிறகு இணைப்பது போதும். பிரேக் பிடித்தால் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும் சுவிட்சும், கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிற நிறுத்து பொத்தானும் இல்லாமல் வண்டியைத் தரையில் இறக்க நான் அனுமதிப்பதில்லை. முதல் ஓட்டம் பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில், மின்னோட்ட வரம்பை 10 ஆம்பியருக்குக் குறைத்துத்தான். பொதுச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு, ஒப்புதல் ஆகியவற்றில் நாட்டுக்கு நாடு விதி வேறுபடும் என்பதால் மாணவர் வண்டியை மூடிய மைதானத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இவ்வளவும் படித்த பிறகு மோட்டார் ஆர்டர் செய்யத் தோன்றினால், அதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்றால், சமதளமான, காற்றில்லாத ஒரு மைதானப் பாதையில் 55 கிலோமீட்டர் வேகம் வரை போய், நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். 50இலிருந்து 40க்கு இறங்க எத்தனை விநாடி, 20இலிருந்து 10க்கு இறங்க எத்தனை விநாடி என்று பின்னால் இருப்பவர் ஸ்டாப்வாட்ச்சில் குறிக்கட்டும். அவரது எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றின் போக்கு ஒரு பக்கமாக இருந்தால் அது சமன்படும்படி இரு திசையிலும் மூன்று மூன்று முறை செய்யுங்கள். நான் மேலே எடுத்துக்கொண்ட கெழுக்களும் 200 கிலோ எடையும் உள்ள வண்டிக்கு முதலாவது ஏறத்தாழ 6.5 விநாடியும், இரண்டாவது 16 விநாடியும் வர வேண்டும். உங்கள் வண்டிக்கு முதல் எண் குறைவாக வந்தால் காற்றுத் தடை அதிகம். இரண்டாவது குறைவாக வந்தால் டயரில் காற்று இறங்கியிருக்கிறது, அல்லது பிரேக் உரசுகிறது, அல்லது சக்கர பேரிங் தேய்ந்திருக்கிறது. பிந்தையவற்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளந்து, அந்த எண்களை வைத்து மேலே உள்ள கணக்குகளை மீண்டும் போடுங்கள். எத்தனை கிலோவாட் மோட்டார் என்ற கேள்வியை அதன் பிறகு கேட்கலாம்.